டாமித் துணியின் மறுமுனை

தோர்ன்லி ஹால், ஹாலிஃபாக்ஸ் அருகில்
1907 செப்டம்பர் 3

லவினியாவுக்கு,

உறவு கொண்டாட எழுதவில்லை. ஒரு காரியம் ஆகவேண்டும், அதற்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், அக்கா மனம் இளகிவிட்டாளோ என்று நீ யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் பார்.

இந்த வீட்டுப் பெண் ஈடித்துக்கு நவம்பரில் கல்யாணம். அதற்காக மிசஸ் பென்டல் லண்டனிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சமையற்காரரைக் கூட்டிவந்து என் தலைமேல் உட்கார வைத்திருக்கிறார். பெயர் மொஸ்யே பெர்த்தலோ. ஆள் ஒல்லி, தொப்பி உயரம். வந்த அன்றே என் கத்திகளை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 'ச்' கொட்டினார். பொறுத்துக்கொண்டேன். என் ஜெல்லியை முட்கரண்டியால் குத்தி அது ஆடுவதை வேடிக்கை பார்த்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்றுதான் பொறுமை போயிற்று.

வெள்ளைச் சாஸை டாமித் துணியில் வடிக்கிற நேரம். "டாமியை எடுத்துட்டு வா" என்று டோராவிடம் சொன்னேன். அவள் புதுப் பெண், நீ போன பிறகு உன் இடத்துக்கு வந்தவள். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

"தாமி, மதாம், தாமி! அது எங்க சொல்லு. சல்லடைன்னு அர்த்தம். எங்ககிட்ட இரவல் வாங்கி, கசக்கி, அதைத் துணியாக்கி வச்சிருக்கீங்க. உங்க சமையல் மாதிரியே."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "ஏன் மிஸ்டர், வேக்ஃபீல்டுல டாமி ஹால்னு ஒரு கட்டடமே நிக்குது, போய்ப் பார்த்திருக்கீங்களா? எங்க பாட்டன் பூட்டன் நெய்த துணிக்குப் பேரு டாமி. அதுல வடிச்சா அது டாமி. இதுல உங்க ஊரு எங்கே வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "என் தங்கச்சி அகராதி போடுற வீட்டுல வேலை பார்க்குறா. இப்ப அவங்க டீ எழுத்துலதான் இருக்காங்க. அந்தப் புத்தகத்துல டாமி பிரெஞ்சுச் சொல்லுன்னு வரட்டும், இந்த ஏப்ரனை நானே கழட்டி இந்த மேசைமேல வச்சிட்டுப் போறேன்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் மிசஸ் பென்டல் நிற்கிறார். "சொன்னது ஞாபகம் இருக்கட்டும், மிசஸ் ஆக்ராய்ட்" என்றார், பல் தெரியாத சிரிப்போடு. கல்யாணம் ஆகாவிட்டாலும் சமையற்காரிக்கு 'மிசஸ்' பட்டம் கொடுப்பதில் மட்டும் இந்த வீட்டில் குறை இல்லை. அந்த மனிதரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை என்பது எனக்குத் தெரியும். என் சமையலை 'நல்ல நகல்' என்று பாதிரியார் மனைவியிடம் சொன்னவர்தானே.

ஆக, என் இளமையையெல்லாம் தின்ற இந்த அடுப்பு எனக்கு மிஞ்சுமா மிஞ்சாதா என்பது இப்போது உன் புத்தகத்தின் கையில் இருக்கிறது. அந்தச் சொல் நம்முடையது என்று போட்டிருக்கும் தாளை எனக்கு அனுப்பு. நடுவில் முனையை விட்டுவிட்டு ஓடினவள் இதையாவது செய்யலாம்.

ஹெப்சிபா


லிச்ஃபீல்டு
1907 செப்டம்பர் 11

அன்புள்ள அக்கா,

நான்கு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வார்த்தை இருக்குமோ என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். நன்றாக இருக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டு பேராக முறுக்கிய வடிதுணியின் முனையை விட்டதைப் பற்றி. ஆமாம், விட்டேன். பட்டாணிக் கூழ் தரையில் கொட்டியது, உன் காலில் தெறித்தது. ஆனால் அதற்கு முந்தின நிமிஷம் நீ என்ன சொன்னாய் என்பதை ஏன் எழுதவில்லை? அகராதி ஆசிரியர் டாக்டர் மெர்ரிடியூவின் மனைவி என்னை வேலைக்குக் கூப்பிட்ட கடிதத்தை உன்னிடம் காட்டினேன். "புத்தகம் பிடிக்கிற கை துணி முறுக்காதுடி, உனக்கு இந்த அடுப்படிதான்" என்றாய். அதனால் விட்டேன். இன்றைக்குச் சொன்னாலும் விடுவேன்.

இப்போது உன் காரியம். இந்த வீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டைப் பெட்டி உண்டு. நாடெங்கும் இருந்து ஆட்கள் பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வரும் வரியைச் சீட்டில் எழுதி, எந்த வருடம் எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்புகிறார்கள். நாங்கள் அவற்றை வருட வரிசையில் அடுக்குகிறோம். அடுக்கி முடித்தால் சொல் தன் கதையைத் தானே சொல்லிவிடும். யாருடைய விருப்பத்துக்கும் அதில் இடமில்லை.

டாமி பெட்டியை உனக்காகவே மறுபடியும் அடுக்கிப் பார்த்தேன். அக்கா, அது ஒரு சொல் அல்ல, இரண்டு. ஒன்று நம் ஊர்க் கம்பளித் துணி. அது பழையது. பாவாடைக்கும் திரைக்கும் எடுத்தார்கள் என்று சீட்டு சீட்டாக இருக்கிறது. அதில் எதையாவது வடித்ததாக அந்தக் காலத்தில் ஒருவரும் எழுதவில்லை. இன்னொன்று வடிகட்டி. அது வெகு காலம் கழித்துத்தான் சமையல் புத்தகங்களில் தலைகாட்டுகிறது, அதுவும் பிரெஞ்சுச் சமையலைப் பார்த்து எழுதிய புத்தகங்களில். அந்த ஊர்ச் சல்லடையின் பெயர் இங்கே வந்து, ஏற்கெனவே இருந்த துணியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பதுதான் டாக்டரின் எண்ணம். ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தால் பார்ப்பவர்கள் அண்ணன் தம்பி என்று நினைப்பார்கள் இல்லையா, அதுபோல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீயே கேள்விப்பட்டு என்னைத் திட்டுவதற்குப் பதிலாக. அந்தத் துணியின் பெயரே பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு ஐயம் இருக்கிறது.

மொஸ்யே பெர்த்தலோ சொன்னது சரி. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சரி.

லவினியா


தோர்ன்லி ஹால்
1907 செப்டம்பர் 15

லவினியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு பிசைந்தேன். அன்றைக்கு ரொட்டி கல்லாக வந்தது.

எது மூத்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். நம் துணிதானே மூத்தது? பிறகு வந்தவன் எப்படி வீட்டுக்காரன் ஆவான்? 'ஒருவரும் எழுதவில்லை' என்கிறாய். வடித்தவர்களுக்கு எழுதத் தெரியுமா? எழுதத் தெரிந்தவர்கள் வடித்தார்களா? அடுப்படியில் நின்றவள் அந்தத் துணியில் எத்தனை காலமாக வடித்தாளோ, அதைப் பார்த்து எழுத எந்தக் கனவான் அடுப்படிக்கு வந்தான்? அம்மா வாயால் சொன்னதற்கு உங்கள் வீட்டில் மதிப்பே இல்லையா? அம்மா மாவுச் சல்லடையை டெம்ஸ் என்பாள், ரொட்டி அடிப்பகுதியைக் காலணி என்பாள், உன்னை வாத்து என்பாள். இதெல்லாம் உன் பெட்டியில் இருக்கிறதா? இருக்காது. ஏனென்றால் அம்மா அச்சில் பேசவில்லை.

சரி, அச்சில் வந்தால்தான் நம்புவீர்கள் என்றால் அச்சில் வந்ததாகவே இருக்கட்டும். நீ தினம் சீட்டு எழுதுகிறவள். ஏதாவது ஒரு பழைய, யாரிடமும் இல்லாத சமையல் புத்தகத்தின் பெயரைப் போடு. 'யார்க்ஷயரில் நெய்யும் டாமி என்னும் துணியில் சாற்றை வடிக்கவும்' என்று ஒரே ஒரு வரி எழுது. உன் பிரெஞ்சுப் புத்தகங்களுக்கு முந்தின வருடத்தைக் குறித்துப் பெட்டிக்குள் செருகிவிடு. அந்த ஆயிரக்கணக்கான சீட்டுக்குள் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்?

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. அந்த மனிதர் தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டே கேட்கிறார்: "மதாம், புஸ்தகம் வந்துச்சா?" டோரா தலையைக் குனிந்துகொள்கிறாள். நேற்று மிசஸ் பென்டல் வந்து கல்யாண விருந்துப் பட்டியலை அவரிடம் கொடுத்தார். என்னிடம் முட்டைக் கணக்கைக் கேட்டார். என் சமையலறையில் நான் முட்டை எண்ணுகிறவளாகிவிட்டேன்!

நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. இதையும் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே. எழுதிப் போடு.

ஹெப்சிபா


லிச்ஃபீல்டு
1907 செப்டம்பர் 20

அக்கா,

மாட்டேன்.

கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை. கண்டுபிடிக்கவே மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் மாட்டேன். உன் சாஸில் ஒரு கட்டி கிடந்தால் நீ மேலே ஒரு இலையை வைத்து மறைத்து அனுப்புவாயா? கீழே ஊற்றிவிட்டு மறுபடியும் காய்ச்சுகிறவள் நீ. எனக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததும் நீதான். இப்போது நீயே வந்து கட்டியோடு பரிமாறு என்கிறாயே.

நீ எழுதினதில் ஒன்று மட்டும் என் தூக்கத்தைக் கெடுத்தது. அம்மா அச்சில் பேசவில்லை என்றாய். உண்மை. எழுதப்படாததை நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொல்கிறோம். உனக்கு இது ஆறுதலாக இருக்காது.

ஆனால் இங்கேயும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் கேள். டாமிக்கு விளக்கம் எழுதியவர் மிஸ்டர் ஸ்க்ரிவன், டாக்டருக்கு உதவியாளர். அச்சுக்கூடத்துக்குப் போகும் தாளை அழகாகப் பிரதி எடுப்பது இப்போது என் வேலை. இந்த இடத்துக்கு வர எனக்கு எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? நேற்று அவர் தாளைக் கொடுத்தார். சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்று இருந்தது, சரிதான். அதன் கீழே, 'படிப்பறிவில்லாத சமையற்காரிகளின் வாயில் கெட்டுப்போன வடிவம்' என்று எழுதியிருந்தார்.

"சார், இந்த வரிக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சீட்டு? சமையற்காரிக்குப் படிப்பில்லைன்னு சொல்றதுக்கா?" என்று சிரித்தார்.

"ஆமா சார். இந்த வீட்டுல சீட்டில்லாம எதுவும் அச்சுக்குப் போகாதுன்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. கெடுத்தது சமையற்காரின்னு யார் எழுதியிருக்கா? பிரெஞ்சைப் பார்த்து எழுதின கனவான்களே கெடுத்திருக்கலாமில்ல?"

"மிஸ் ஆக்ராய்ட், உங்களைப் பிரதி எடுக்கச் சொன்னேன். யோசிக்கச் சொல்லலை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், அக்கா. எடுக்கவில்லை. அந்த வரி இருக்கிற வரைக்கும் தாளைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் ஊரில் இல்லை. வந்ததும் புகார் போகும். பிரதி மேசை எனக்கு இனி உண்டா இல்லையா என்று தெரியாது.

உனக்காகப் பொய் எழுதமாட்டேன். உன்னைப் பற்றிப் பொய் எழுதவும் மாட்டேன்.

லவினியா


சலீனா அத்தை வீடு, வேக்ஃபீல்டு
1907 நவம்பர் 16

லவினியாவுக்கு,

மேலே முகவரியைப் பார்த்திருப்பாய். ஏப்ரனைக் கழற்றிவிட்டேன். எப்படிக் கழற்றினேன் என்பதை நானே சொல்கிறேன். டோரா மூலம் வேறு மாதிரி உனக்கு வந்து சேர்ந்துவிடக் கூடாது.

உன் கடிதம் வந்து வெகு நாள் என் பாவாடைப் பைக்குள் கிடந்தது. புத்தகம் வெளிவரட்டும், அதற்குள் கல்யாணமும் முடிந்துவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அப்படித்தான் தோன்றும். ஆனால் தினமும் காலையில் அந்த மனிதர் "புஸ்தகம் வந்துச்சா?" என்று கேட்கும்போது, பதிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்வது எனக்கே வெட்கமாக இருந்தது. கட்டியோடு பரிமாறுவாயா என்று நீ கேட்டாயே, அது வேறு குடைந்துகொண்டே இருந்தது. உன்னை யார் அப்படிக் கேட்கச் சொன்னது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. குளிர்ந்த கோழிமேல் ஊற்றும் வெள்ளைச் சாஸ் காய்ச்சி முடித்தாயிற்று. கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய சாஸ் அது, துளி கட்டி இருந்தாலும் கோழிமேல் அம்மை போட்டதுபோல் தெரியும். அவர் வழக்கம்போல் கேட்டார். "வந்துச்சு" என்றேன். நாற்காலிமேல் ஏறி நிற்கவில்லை, அவ்வளவுதான், மற்றபடி எல்லோருக்கும் கேட்கும்படி உன் முதல் கடிதத்தைப் படித்தேன். மொஸ்யே பெர்த்தலோ சொன்னது சரி என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தேன். மேலங்கியைப் போட்டேன், தொப்பியைக் குத்திக்கொண்டேன், கதவோரம் என் பெட்டிமேல் உட்கார்ந்தேன். ஊருக்குப் போகும் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் இப்படிச் செய்வேன் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்து மழுப்புவேன் என்று நினைத்திருந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "சரி, சாஸ் ஆறுது. தாமியைப் பிடிங்க" என்று டோராவிடம் சொன்னார்.

டோரா கையை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டாள். "என் கை வழுக்குது, சார்" என்றாள். பாத்திரம் தேய்க்கிறவளைக் கூப்பிட்டார். அவளுக்குத் திடீரென்று தோள் பிடித்துக்கொண்டதாம். காய் நறுக்குகிறவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாருக்கும் கண் காட்டவில்லை, லவினியா. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்.

உனக்குத் தெரியும், டாமி ஒற்றை ஆள் வேலை இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, நடுவில் கொதிக்கிற சாஸைத் தாங்கிக்கொண்டு, ஒருத்தி வலப்பக்கம் ஒருத்தி இடப்பக்கம் முறுக்கவேண்டும். அந்தப் பெரிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடியில் கட்டினார்! மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். முறுக்க முறுக்கக் குழாய்க் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. தண்ணீர் பீறிட்டுச் சாஸில் பாதியைக் கழுவிக்கொண்டு போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் பொய்.

சத்தம் கேட்டு மிசஸ் பென்டல் இறங்கி வந்தார். தரையைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார். மிச்சம் பாதிச் சாஸ் பாத்திரத்தில் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. "மிசஸ் ஆக்ராய்ட், என்ன இது? நாளைக்குக் கல்யாணம்! எழுந்து மறுமுனையைப் பிடிங்க" என்றார்.

"நான் இப்ப உங்க வேலைக்காரி இல்லை, மேடம். வாக்குக் கொடுத்தேன், நீங்களும் கேட்டீங்க. அந்தச் சொல்லு அவங்களுதுன்னு புத்தகம் சொல்லிடுச்சு, நானும் ஒத்துக்கிட்டேன். சொல்லை வச்சிக்கட்டும். ஆனா இந்தக் கை எந்த ஊர்லேர்ந்தும் இரவல் வந்ததில்லை" என்றேன்.

"இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

"ஈடித் பிறந்த அன்னைக்கு உங்களுக்குக் கஞ்சி வடிச்சது நான். அந்தப் பொண்ணுக்காக ஒரு முனையைப் பிடிக்கிறேன். மறுமுனையை அவரு பிடிக்கக் கூடாது, டோராவும் பிடிக்க வேண்டாம். நகல்னு சொன்னீங்களே, நீங்க பிடிங்க. நகல் எடுக்கிறது எவ்வளவு சுலபம்னு பாத்துருவோம்."

இப்போதே போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே மோதிரங்களைக் கழற்றினார். ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்த என் ஏப்ரன்மேல் வைத்தார்.

டோரா சாஸை மறுபடியும் கொதிக்கவைத்து ஊற்றினாள். பிடித்தோம். முறுக்கினோம். முதல் முறுக்கிலேயே அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சுடுது!" என்றார். "சுடத்தான் செய்யும், விடாதீங்க, இழுத்துப் பிடிங்க, வலப்பக்கம், வலப்பக்கம்!" என்று அதட்டினேன். எஜமானியை அதட்டுவதில் ஒரு ருசி இருக்கிறது, உனக்குக் கிடைக்காது. துணியின் வெளிப்புறம் சாஸ் முத்து முத்தாக வந்து, பிறகு ஒரே வழுவழுப்பாகப் பாத்திரத்துக்குள் இறங்கியது. கடைசி முறுக்கு வரைக்கும் அவர் விடவில்லை. நீ விட்டாய், அவர் விடவில்லை. எழுதிவைக்கிறேன்.

பெர்த்தலோ கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

மிசஸ் பென்டல் கையைத் துடைத்துக்கொண்டே, "இருந்துடுங்க, மிசஸ் ஆக்ராய்ட். அதெல்லாம் வாய்ப்பேச்சு, மறந்துடலாம்" என்றார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அடுப்பை விட்டு எழுந்து போக எனக்கு மனமே இல்லை. ஆனால் அந்த அடுப்பின் முன்னால் நின்றுதான் வாக்குக் கொடுத்தேன். தங்கிவிட்டால் நாளைக்கு டோராவிடம் "சொன்னதைச் செய்" என்று எந்த முகத்தோடு சொல்வேன்? "வாய்ப்பேச்சுன்னாலும் என் வாய்ப்பேச்சு, மேடம்" என்றேன். வண்டி வந்தது. ஏறிவிட்டேன்.

நீ பொய்ச் சீட்டு எழுதாதது நல்லதாயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. எதிர்பார்க்காதே. அந்த ஸ்க்ரிவன் என்ன ஆனான் என்று எழுது.

ஹெப்சிபா


லிச்ஃபீல்டு
1908 ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அங்கேயே அழுதேன். குழாய்க் கைப்பிடியை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மற்றதை நினைத்தால் மற்றது.

ஸ்க்ரிவன் கதை இது. டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், அந்த வரியின் குறுக்கே பேனாவை இழுத்தார். சமையற்காரிகள்மேல் அன்பு என்று நினைக்காதே. "அகராதி யாரையும் திட்டாது. சீட்டிருந்தா போடுங்க, இல்லாட்டி எடுங்க" என்றார், அவ்வளவுதான். அதே மூச்சில் என்னைப் பார்த்து, "உதவியாளர் சொன்னதைச் செய்யாதவங்களுக்குப் பிரதி மேசை கிடையாது, மிஸ் ஆக்ராய்ட்" என்றார். வேலைக்குச் சேர்ந்த அன்று உட்கார்ந்த அதே இடத்தில், மூலையில், சீட்டு பிரித்துக் கட்டுப்போடும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் திரும்பலாமாம். கேட்கவில்லை. கேட்கமாட்டேன். ஸ்க்ரிவன் என்னைத் தாண்டிப் போகும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

டாமி அச்சாகிவிட்டது. பிரெஞ்சிலிருந்து வந்தது, துணியின் பெயரால் வடிவம் மாறியிருக்கலாம் என்று இருக்கிறது. உன் கூட்டத்தைப் பற்றி ஒரு கெட்ட சொல் இல்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். உட்கார்ந்துகொண்டு படி.

நாங்கள் எழுத்து வரிசையில் வேலை செய்கிறவர்கள். முன்னால் வரும் சொற்கள் அச்சாகி முடியும் வரை பின்னால் வரும் பெட்டிகளை ஒருவரும் திறப்பதில்லை. டாமி முடிந்து, பல வாரம் கழித்துத்தான் அடுத்த கட்டுகள் மூலை மேசைக்கு வந்தன. பிரதி மேசையில் இருந்திருந்தால் அவை என் கண்ணில் பட்டே இருக்காது. ஒரு கட்டைப் பிரித்தேன். மேல் சீட்டில் இருந்த சொல் டெம்ஸ்.

அம்மாவின் டெம்ஸ், அக்கா! மாவுச் சல்லடை. அம்மா அச்சில் பேசவில்லை என்று என்னைத் திட்டுவதற்காக நீ எழுதினாயே, அதே சொல். சீட்டுக்கு மேல் சீட்டு, ஒன்றைவிட ஒன்று பழையது. பிரெஞ்சுச் சமையல் புத்தகங்கள் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே வடக்கத்தி ஆட்கள் அதில் சலித்திருக்கிறார்கள். டாக்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தாடியை உருவிக்கொண்டே ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். பிரெஞ்சுக்காரரின் தாமியும் நம் டெம்ஸும் ஒரே வேரில் பிறந்தவை என்றுதான் தெரிகிறதாம். அந்த வேர் எந்த மண்ணில் இருந்தது என்பது யாருக்கும் உறுதியில்லை. பிரெஞ்சுக்கே அது வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஆக, பெர்த்தலோ உன்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சொல்லுக்குக் கூடப்பிறந்தது ஒன்று, நம் வீட்டு மாவுப் பானைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் தினம் பார்த்தவள்தான். எனக்கும் தோன்றவில்லை.

"முதல்லயே இது தெரிஞ்சிருந்தா டாமிக்குக் கீழேயும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்" என்றார் டாக்டர். இனி முடியாது, அச்சானது அச்சானதுதான். ஆனால் டெம்ஸுக்குக் கீழே எழுதுவார். அவர் சொன்னதை உனக்காகத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதை மிசஸ் பென்டலுக்கு அனுப்பு. வாக்கைக் காப்பாற்றியும் ஆயிற்று, இப்போது நியாயமும் உன் பக்கம் பாதி வந்தாயிற்று. உன் அடுப்பு உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

உன் தங்கை
லவினியா


வேக்ஃபீல்டு
1908 பிப்ரவரி 2

லவினியா,

நீ எழுதி அனுப்பியதை மிசஸ் பென்டலுக்கு அனுப்பவில்லை. அத்தைக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன். அவள் உடனே எழுந்து போய் நம் பழைய டெம்ஸைத் தேடினாள். அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.

அடுப்பு திரும்பக் கிடைக்கும் என்கிறாய். அது ஏற்கெனவே கிடைத்ததுதான். டோரா எழுதியிருக்கிறாள், பெர்த்தலோ லண்டனுக்குத் திரும்பிவிட்டாராம். இந்த ஊர் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆக்ராய்டுக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். திறந்து வைத்தால் குளிர்தான் வரும், மூடிக்கொள்ளச் சொல் என்று பதில் போட்டேன்.

உனக்கு இது விளங்கவேண்டும். அந்தச் சொல் பிரெஞ்சு என்பதால் நான் வெளியே வரவில்லை. சொன்ன சொல் என்னுடையது என்பதால் வந்தேன். இப்போது அம்மாவின் சல்லடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றால், அன்றைக்குக் கழற்றியது வெறும் கோபம் என்று ஆகிவிடும். நமக்கு ஏன் வேர் இருந்தால்தான் தலை நிமிரவேண்டும்? வேர் தெரியாமல் இருந்தபோதும் என் சாஸில் கட்டி இல்லை.

இங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் குறைவு, பாத்திரங்கள் பெரிது. பல் போனவர்களும் தொண்டை புண்ணானவர்களும் விழுங்கும்படி எல்லாவற்றையும் வடிக்கவேண்டும், அதுவும் தினமும். கல்யாணக் கோழியை ஒரு நாள் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கே ஒரு கிழவர் என் பட்டாணிக் கூழைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நக்கினார். மாவுச் சல்லடையை இவர்கள் வேறு ஏதோ பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெம்ஸ் என்று சொல்லுங்கள் என்றேன். சொல்கிறார்கள். ஒருவர்கூடச் சீட்டுக் கேட்கவில்லை.

ஒரே தொல்லை, மறுமுனைக்கு ஆள் சரியில்லை. வாசற்காவலன் ஒருவனைப் பிடித்திருக்கிறேன். கயிறு இழுக்கும் போட்டி என்று நினைத்துக்கொண்டு இழுக்கிறான். நேற்று என்னைச் சேர்த்தே இழுத்துவிட்டான்.

நீ அந்த ஸ்க்ரிவனிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் என் முகத்தில் முழிக்காதே. படிப்பறிவில்லாத சமையற்காரிகளுக்காகப் பேனாவைக் கீழே வைத்தாய் என்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். புத்தகம் பிடிக்கிற கையைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் இனிமேல் சொல்லமாட்டேன்.

ஈஸ்டருக்கு உனக்கு விடுமுறை உண்டு என்று அத்தை சொல்கிறாள். விரலில் இருக்கும் மையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வா, வடிதுணியில் கறை பட்டால் போகாது. காவலனுக்கு அன்றைக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறேன். மறுமுனை உன்னுடையது. உன் எழுத்துகளிடம் நீ திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும் என்பது எனக்குத் தெரியும், தடுக்கமாட்டேன். போ.

வடித்து முடித்துவிட்டுப் போ.

அக்கா